நோயாளி செய்த வேலையையும் ஏட்டில் எழுதுங்கள்: இராமநாதபுரம் மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இராமநாதபுரம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், வேளாண்மை இணை இயக்குநர் அவர்களுக்கும், மாவட்ட சுகாதார அலுவலர் அவர்களுக்கும் வணக்கம்.

தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையில், சாலைக்குக் கிழக்கே கடலும் மேற்கே கண்மாய்ப் பாசன வயலுமாகக் கிடக்கும் ஒரு சிற்றூரிலிருந்து இந்த மடலை எழுதுகிறேன். கிராம சுகாதாரச் செவிலியராக 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். கர்ப்பிணிகள் ஏடு, தடுப்பூசி ஏடு, பிறப்பு இறப்புக் குறிப்புகள் என்று எத்தனையோ ஏடுகளை என் கையால் எழுதி நிரப்பியிருக்கிறேன். வயது, எடை, இரத்த அளவு, பிள்ளைகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் வீடு வீடாகக் கேட்ட நான், "எத்தனை வருஷமாக வயலில் பூச்சிமருந்து அடிக்கிறீர்கள்?" என்ற கேள்வியை ஒருவரிடமும் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவுமில்லை, நான் எழுதிய ஏடுகளில் அதற்கு ஒரு கட்டமும் இருந்ததில்லை. பூச்சிமருந்தோடு புழங்குவோருக்குப் பிற்காலத்தில் புற்றுநோய் வருகிறதா என்று அறிய, அந்தக் கட்டத்தை ஏற்படுத்தித் தாருங்கள் என்பதே உங்கள் மூவரிடமும் நான் வைக்கும் முதன்மையான வேண்டுகோள்.

இந்த எண்ணம் எனக்கு என் தந்தையாரிடமிருந்து வந்தது. 1970-களிலும் 80-களிலும் எங்கள் பக்கத்து நெல்வயல்களில் கதிர்நாவாய்ப் பூச்சிக்கு பி.எச்.சி. (பென்சீன் ஹெக்சாகுளோரைடு) என்ற பூச்சிமருந்துத் தூளைத் தூவுவார்கள். பனி இறங்கியிருக்கும் விடியற்காலையில் தூவினால்தான் தூள் பயிரில் ஒட்டும் என்பதால், இருட்டோடு எழுந்து, பழைய வேட்டித் துணியில் தூளை மூட்டையாகக் கட்டி, அதைக் கையால் உதறிக்கொண்டே வரப்புக்கு வரப்பு நடப்பார். வீடு திரும்பும்போது அவருடைய புருவமும் மீசையும் வெளுத்திருக்கும். நாங்கள் பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். அந்தத் தூளில் பூச்சியைக் கொல்லும் கூறாக இருந்தது லிண்டேன். பி.எச்.சி. இந்தியாவில் 1997-ஆம் ஆண்டு தடைசெய்யப்பட்டது. அதற்கு இரண்டாண்டுகள் கழித்து, கழுத்திலும் கக்கத்திலும் கட்டிகள் எழும்பி, நிணநீர்ப் புற்று என்று கண்டறியப்பட்டு என் தந்தையார் இறந்தார். உலக சுகாதார நிறுவனத்தின் அங்கமாக பிரான்சின் லியோன் நகரில் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, லிண்டேன் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதிசெய்து, அதை 1-ஆம் பிரிவில் சேர்த்தது 2015-ஆம் ஆண்டு. அந்த முடிவுக்கு ஆதாரமாக அமைந்த நோய், ஹாட்ஜ்கின் அல்லாத நிணநீர்ப் புற்று.

என் தந்தையாரின் நோய்க்கு அந்தத் தூள்தான் காரணம் என்று நான் வாதாட வரவில்லை. தனியொரு மனிதருக்கு வந்த புற்றை எடுத்துக்கொண்டு, இன்ன பொருளால் வந்தது என்று எந்த மருத்துவரும் விரல் நீட்டிச் சொல்ல முடியாது என்பது செவிலியரான எனக்குத் தெரியும். என் மனத்தை அறுப்பது வேறொன்று. அவரைப் போலவே தூள் தூவிய மனிதர்கள் இந்தக் கடற்கரை நெடுகப் பல நூறு பேராவது இருந்திருப்பார்கள். அவர்களில் யாருக்கு என்ன நோய் வந்தது, எந்த வயதில் வந்தது என்று சேர்த்துப் பார்க்க நம்மிடம் ஒரு வரிகூட எழுதி வைக்கப்படவில்லை. தந்தையாரைச் சேர்த்திருந்த மருத்துவமனையின் சீட்டில் தொழில் என்ற இடத்தில் 'விவசாயம்' என்ற ஒரே சொல் இருந்தது. உழுதவரும் அந்தச் சொல்லுக்குள் அடங்குவார், முப்பது ஆண்டுகள் நஞ்சைக் கையால் உதறியவரும் அடங்குவார்.

இன்று தூள் போய்விட்டது, டேங்க் வந்திருக்கிறது. புரட்டாசி, ஐப்பசியில் போட்ட முண்டு மிளகாய் தை பிறந்ததும் பழுக்கத் தொடங்கி, சித்திரை வரை பழம் தருகிறது. இந்த இடைவெளியில் இலைப்பேனுக்கும் அசுவினிக்கும் காய்ப்புழுவுக்கும் என்று எத்தனை முறை மருந்து விழுகிறது என்பதைப் பயிரிடும் சம்சாரிகளிடமே கேட்டறியலாம். 16 லிட்டர் டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு அடிப்பவருக்குப் பெரும்பாலும் டேங்க் கணக்கில் கூலி. காலையில் கடல்காற்று ஏறுவதற்கு முன்பே அடித்து முடித்துவிட வேண்டும் என்பது இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். ஆயினும் டேங்கைக் குறைத்தால் அன்றைய கூலி குறையும் என்பதால், காற்று முகத்துக்கு எதிரே திரும்பிய பிறகும் அடித்துக்கொண்டே இருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அளவு என்பது மூடிக் கணக்குதான். இரண்டு மூன்று மருந்துகளை ஒன்றாக ஊற்றிக் குச்சியால் கலக்குவார்கள், குச்சி இல்லாவிட்டால் கையால். நாசில் அடைத்துக்கொண்டால் கழற்றி வாயால் ஊதுவார்கள். மூக்கில் கட்டிய துண்டுதான் கவசம். டேங்கின் மூடியிலிருந்து கசிவது முதுகு வழியாக இறங்கி இடுப்பையும் தொடையிடுக்கையும் நனைக்கும். மூச்சு வழியைக் காட்டிலும் தோல் வழியாகவே இந்த நஞ்சுகள் மிகுதியாக உடலுக்குள் போகின்றன என்பதும், தொடையிடுக்குத் தோல் முன்கைத் தோலைவிடப் பல மடங்கு உறிஞ்சும் என்பதும் ஆய்வுகளில் நெடுங்காலமாக அறியப்பட்டவை. வியர்த்துக் கிடக்கும் உடலில் அது இன்னும் கூடும். நம் மாவட்டத்தின் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

டேங்க் சுமப்பவர் மட்டுமே மருந்தோடு புழங்குகிறார் என்று எண்ணுவதும் தவறு. ஊருணியிலிருந்தும் பண்ணைக்குட்டையிலிருந்தும் குடத்தில் நீர் சுமந்து வந்து டேங்கை நிரப்புபவர்கள் பெண்கள். அடித்த மறுநாளே பழம் எடுக்கச் செடிக்குள் இறங்குபவர்களும் அவர்களே. மாலையில் கணவரின் சட்டையைப் பிள்ளைகளின் துணியோடு சேர்த்துத் துவைப்பதும் அவர்கள்தாம். பழம் எடுக்கும் ஒரு மூதாட்டியின் உள்ளங்கை தோலுரிந்து சிவந்திருந்ததைப் பார்த்து, மருந்து பட்டதா என்று கேட்டேன். "மிளகா காந்துது தாயி, வேறென்ன?" என்றார். வாழ்நாள் முழுவதும் மிளகாயோடு புழங்கிய கைக்கு எது மிளகாயின் காந்தல், எது மருந்தின் எரிச்சல் என்று பிரித்துச் சொல்லத் தெரியாமல் போய்விடுகிறது. மற்றப் பயிர்களில் உழைப்பவருக்கு உடல் தரும் எச்சரிக்கைகூட எங்கள் பெண்களுக்குக் கிடைப்பதில்லை.

பூச்சிமருந்தின் தீங்கு இரண்டு வகை. ஒன்று அன்றே தெரிவது. ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்துகள் நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் ஒரு பொருளைச் சிதைக்கும் கோலினெஸ்டரேஸ் நொதியை முடக்கிவிடுவதால், வாயில் நீர் ஊறி, கண்மணி சுருங்கி, வாந்தியெடுத்து, மூச்சுத் திணறி மனிதர் விழுகிறார். 2017-ஆம் ஆண்டு மகாராஷ்டிரத்தின் யவத்மாள் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த 20-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது நாடே அதைப் பேசியது. மற்றொன்று, பத்து இருபது ஆண்டுகள் கழித்து வருவது. யாரும் அதைப் பேசுவதில்லை. வரும்போது அது எந்த வயலிலிருந்து வந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது.

நம் சட்டமும் சந்தையும் முதல் வகையை மட்டுமே கணக்கில் கொள்கின்றன என்பதற்குக் கடையில் விற்கும் டப்பாவே சாட்சி. அதில் அச்சிட்டிருக்கும் சாய்சதுரத்தின் கீழ்ப்பாதி சிவப்பாக இருந்தால் கடும் நஞ்சு, அதற்கு அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. சோதனை விலங்குகளில் பாதியைக் கொல்ல எவ்வளவு மருந்து தேவைப்பட்டது என்பதை வைத்து முடிவு செய்யப்படும் நிறங்கள் இவை. பல ஆண்டுகள் சிறுகச் சிறுக உடலில் ஏறினால் என்ன ஆகும் என்பதைப் பற்றி அவை எதுவுமே சொல்வதில்லை. மாலத்தியான் என்ற பூச்சிமருந்தின் நிறம் நீலம். அதே மாலத்தியானைத்தான் லியோன் முகமை 2015 மார்ச்சில், மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது எனப்படும் 2ஏ பிரிவில் சேர்த்தது. டயசினான் என்ற பூச்சிமருந்தும் களைக்கொல்லியான கிளைபோசேட்டும் அப்போதே அந்தப் பிரிவுக்குள் வந்தன. "நீலந்தான், ஒண்ணும் செய்யாது" என்று கடையில் சொல்லிக் கொடுப்பதையும், வாங்குபவர் அதை நம்பி வெறுங்கையால் கலக்குவதையும் நான் நேரில் கேட்டும் பார்த்தும் இருக்கிறேன். சொன்னவர் பொய் சொல்லவில்லை. அவருக்குக் கற்பிக்கப்பட்டது அவ்வளவுதான்.

இது 2015-இல் திடீரென்று எழுந்த ஐயமும் அன்று. ஆர்செனிக் கலவாத பூச்சிக்கொல்லிகளைத் தெளிக்கும் தொழிலையே, தனித்தனி மருந்தாகப் பிரிக்காமல், அதே 2ஏ பிரிவில் அந்த முகமை 1991-ஆம் ஆண்டே வைத்துவிட்டது. அமெரிக்காவின் அயோவா, வட கரோலினா மாநிலங்களில் 1993 முதல் ஏறத்தாழ 89,000 பேரை, மருந்தடிப்பவர்களும் அவர்களுடைய மனைவிமாரும் சேர்ந்தவர்களை, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து வருகிறார்கள். மாலத்தியானை மிகுதியாகப் பயன்படுத்தியவர்களிடம் வேகமாகப் பரவும் வகைப் புராஸ்டேட் புற்று கூடுதலாகத் தென்பட்டதையும், ஆர்கனோபாஸ்பேட் மருந்துகளோடு புழங்கிய மனைவிமாரிடம் மார்பகம், தைராய்டு, சினைப்பை ஆகியவற்றின் புற்று கூடியிருந்ததையும் அந்த ஆய்வு காட்டியது. அந்த விவசாயிகளுக்கு ஒட்டுமொத்தமாகப் புற்றுநோய் ஊராரைவிடக் குறைவு என்பதையும் அதே ஆய்வு சொன்னது, அவர்களிடம் புகைப்பழக்கம் குறைவு என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். இதை மறைக்காமல் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒட்டுமொத்தக் கணக்கில் ஒளிந்துகொள்ளும் தீங்கு, யார் எந்த மருந்தை எத்தனை ஆண்டு அடித்தார் என்று கேட்டு எழுதியபோதுதான் வெளிப்பட்டது. பிரான்சு நாடு, பூச்சிமருந்தால் வரும் ஹாட்ஜ்கின் அல்லாத நிணநீர்ப் புற்றை 2015-இலும் புராஸ்டேட் புற்றை 2021-இலும் விவசாயத் தொழில்நோய்ப் பட்டியலில் சேர்த்து இழப்பீட்டுக்கு வழி செய்தது. அங்கும் எழுதி வைத்த கணக்குதான் தொழிலாளிக்குத் துணை நின்றது.

புகையிலையும் வெற்றிலைப் பாக்கும் இந்தப் பகுதியில் உண்டாக்கும் வாய்ப்புற்றையும், பெண்களின் கருப்பைவாய்ப் புற்றையும் நான் மறந்துவிடவில்லை. அவற்றுக்கான பரிசோதனைகளுக்கு மக்களை அழைத்துச் சென்றவளே நான்தான். அந்த அக்கறையில் ஒரு பங்கு மருந்தடிப்பவருக்கும் வேண்டும் என்கிறேன். 2ஏ பிரிவு என்பது ஒரு பொருளால் புற்று உண்டாக்க முடியுமா என்பதற்கான விடை. ஒரு மனிதருக்கு அது வருமா என்பது எவ்வளவு அவர் உடலில் ஏறுகிறது என்பதைப் பொறுத்தது என்று மருந்து நிறுவனங்களின் தரப்பில் சொல்வார்கள். சரியான வாதம்தான். அந்த 'எவ்வளவு' என்பதை முடிவு செய்வது வெற்று முதுகும் மூடிக் கணக்கும் கசியும் டேங்கும் என்பதால்தான் நான் அஞ்சுகிறேன்.

புதிய சட்டம் எதுவும் நான் கேட்கவில்லை. 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் வந்த 1971-ஆம் ஆண்டு விதிகளில் 37-ஆவது விதி, தெளிப்பு வேலையில் ஈடுபடுவோர் வேலைக்கு முன்பும் பிறகு குறிப்பிட்ட கால இடைவெளிகளிலும் மருத்துவரால் பரிசோதிக்கப்பட வேண்டும் என்றும், அந்த விவரங்கள் ஒரு பதிவேட்டில் எழுதப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. ஆர்கனோபாஸ்பேட் தயாரிக்கும் ஆலைத் தொழிலாளிக்கு மாதந்தோறும் கோலினெஸ்டரேஸ் அளவு பார்க்கச் சொல்கிறது. பாதுகாப்பு உடை, மூச்சுக் கவசம், முதலுதவி, பயிற்சி ஆகியவற்றுக்கும் அடுத்தடுத்து விதிகள் இருக்கின்றன. இவையெல்லாம் வேலை கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார் என்று எண்ணி எழுதப்பட்டவை. இன்று ஒரு சம்சாரியின் கொல்லையிலும் நாளை இன்னொருவரின் கொல்லையிலும் டேங்க் கணக்குக்கு அடிக்கும் ஒருவருக்கு வேலை கொடுப்பவர் யார்? கடல் அடிக்கும் நாட்களில் வலையை மடித்து வைத்துவிட்டு மருந்தடிக்க வரும் மீனவர், அரசின் கண்ணில் மீனவராக மட்டுமே இருக்கிறார். பதிவேடு எழுத வேண்டிய ஆள் இல்லாத இடத்தில் அரசே அந்த ஆளாக வேண்டும்.

மாவட்ட சுகாதார அலுவலர் அவர்களுக்கு: 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீடு தேடி வரும் பெண்கள், மருந்தடிப்பீர்களா, எத்தனை ஆண்டுகளாக, எந்தப் பயிருக்கு என்று மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்டு எழுதட்டும். மருந்தின் பெயர் தெரியாதவர் டப்பாவைக் காட்டட்டும். நீர் சுமப்பதும் பழம் எடுப்பதும் துணி துவைப்பதும் அந்தக் கணக்கில் வர வேண்டும், இல்லாவிட்டால் பெண்கள் முழுவதுமாக விடுபட்டுப் போவார்கள். புற்றுநோய் உறுதியான ஒருவரின் பதிவில் 'விவசாயம்', 'கூலி' என்பதோடு நிறுத்தாமல் இந்த விவரமும் ஏற வேண்டும். 2022 முதல் இராமநாதபுரத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. மருந்தடிக்கும் பருவத்துக்கு முன் ஐப்பசியில் ஒருமுறையும் பருவத்தின் நடுவே மாசியில் ஒருமுறையும், விரும்பி முன்வருவோருக்கு இரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் அளவு பார்த்தால், அது குறைந்திருப்பதை வைத்து யாருடைய உடலில் ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்து ஏறுகிறது என்பது தெரியும். அது புற்றுநோய்க்கான சோதனை இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் 'எவ்வளவு' என்ற அந்தக் கேள்விக்கு நம் கையில் கிடைக்கும் முதல் விடை அதுவாக இருக்கும். கழுத்திலோ கக்கத்திலோ ஆறாத கட்டியோடு வருபவர் கூலியை இழந்து, நூறு கிலோமீட்டர் தாண்டி மதுரைக்குப் போவதற்கு முன், அவரிடம் கேட்க வேண்டிய கேள்வியை உள்ளூரிலேயே கேட்டிருப்போம்.

வேளாண்மை இணை இயக்குநர் அவர்களுக்கு: நிறத்தின் பொருள் என்ன, அது எதைச் சொல்லாது என்பதை ஒவ்வொரு பூச்சிமருந்துக் கடையிலும் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி மாட்டச் செய்யுங்கள். ரசீதில் வணிகப் பெயரோடு மருந்தின் வேதிப் பெயரும் தமிழில் இருக்கட்டும், நாளை அந்த ரசீதே ஒருவரின் மருத்துவ வரலாறாகும். கையுறையையும் முகக்கவசத்தையும் கட்டாயமாக்கினால் போதும் என்று மட்டும் தயவுசெய்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். மாசி வெயிலில் ரப்பர் உடைக்குள் ஒருவர் அரை மணி நேரம்கூட நிற்க முடியாது. வெப்ப நாடுகளில் சிறு விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும், அணிய முடியாத, விலை மிகுந்த கவச உடை தேவைப்படும் மருந்துகளைத் தவிர்க்க வேண்டும் என்றே ஐ.நா. உணவு வேளாண் நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் தம் நடத்தை நெறிகளில் சொல்கின்றன. ஆகவே வேப்பங்கொட்டைச் சாறு, ஒட்டுப்பொறி, வரப்பைச் சுற்றிச் சோளம் விதைப்பது போன்று உங்கள் துறையே பரிந்துரைக்கும் வழிகள் செயல்விளக்கத் திடலோடு நின்றுவிடாமல் கூலிக்கு அடிப்பவரின் ஊர் வரை வர வேண்டும். அடித்த வயலுக்குள் எத்தனை நாள் கழித்து இறங்கலாம் என்பதைச் சிவப்புத் துணி கட்டிய ஒரு குச்சியால் வரப்பில் காட்டலாம், அதற்குச் செலவு ஏதுமில்லை.

மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு: இந்தக் கரையில் நிலத்தடி நீர் உப்பு. நல்ல தண்ணீர் என்பது ஊருணியும் கண்மாயுந்தான். அந்த ஊருணிக் கரையிலேயே டேங்க் நிரப்பப்படுகிறது, கழுவப்படுகிறது, காலி டப்பாக்கள் வீசப்படுகின்றன. நீர் மொண்டுகொள்ளக் கழுத்தை அறுத்து வைத்திருக்கும் டப்பாவையும் வீடுகளில் பார்த்திருக்கிறேன். ஊராட்சிதோறும் காலி டப்பா சேகரிக்கும் இடமும், ஊருணிக்கு எட்டத்தில் மருந்து கலக்க ஒரு தொட்டியும் அமைக்க உத்தரவிடுங்கள். தற்கொலைகளைத் தடுக்கும் நோக்கில் ஆறு மருந்துகளின் விற்பனையை 60 நாட்களுக்கு நிறுத்திய அரசு நம்முடையது. ஆகவே முடியாது என்ற விடையை நான் எதிர்பார்க்கவில்லை.

எங்கள் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே மகிழ்ந்தது, நானும் மகிழ்ந்தேன். வெளிநாட்டுக்குப் போகும் வத்தலில் மருந்தின் எச்சம் எவ்வளவு என்று ஆய்வகத்தில் பார்க்கிறார்கள். அளவு மீறினால் சரக்கு திரும்பி வந்துவிடும். அந்தப் பழத்தை எடுத்த கையின் இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று இதுவரை எவரும் கேட்டதை நான் அறியேன்.

ஓய்வு பெற்ற பிறகு நான் ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினேன். எங்கள் ஊரிலும் பக்கத்து இரண்டு ஊர்களிலும் மருந்தடித்தவர்கள், நீர் சுமந்தவர்கள், பழம் எடுத்தவர்கள், எத்தனை ஆண்டு, எந்தப் பயிர், நினைவிருக்கும் மருந்துகள், பிறகு வந்த நோய்கள். முதல் பக்கத்தில் என் தந்தையாரின் பெயர் இருக்கிறது. அந்த நோட்டு எதையும் மெய்ப்பிக்காது, ஒரு செவிலியரின் கையெழுத்து ஆய்வாகிவிடாது. ஆனால் எந்தக் கேள்விக்கு மக்கள் எப்படி விடை சொல்கிறார்கள், எதை மறந்துவிடுகிறார்கள், எதைச் சொல்லத் தயங்குகிறார்கள் என்பதை அறிந்துகொள்ள அது உதவும். அதில் பெயர் உள்ளவர்களிடம் ஒப்புதல் கேட்டுக்கொண்டு, நீங்கள் அமர்த்தும் மருத்துவரிடமோ அலுவலரிடமோ ஒப்படைக்க ஆயத்தமாக இருக்கிறேன். வீடு வீடாகப் போகும் பெண்களுக்கு இந்தக் கேள்விகளைக் கேட்கப் பழக்கவும் ஊதியமின்றி வருகிறேன்.

புரட்டாசியில் விதைப்பு தொடங்கிவிடும், அதற்குப் பிறகு யாரையும் வீட்டில் பிடிக்க முடியாது. அதற்கு முன்பாக ஒரு திங்கட்கிழமை, குறைதீர் நாளில் நேரம் ஒதுக்கித் தந்தால், நோட்டை எடுத்துக்கொண்டு முதல் பேருந்தில் வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
பணிவுடன்,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர்,
திருவாடானை வட்டக் கடற்கரை